ஆட்டூசிக்கு முதல் ஆளாய் நின்ற நாள்

ஊசி போடுகிறார்கள், ஆடுகளை வேப்பமரத்தடிக்கு ஓட்டி வாருங்கள் என்று மைக்கில் சொல்லிப்போன காலையில், பக்கத்து வீட்டுக்காரி தன் முந்தானையால் ஒரு குட்டியின் மூக்கைத் துடைத்ததை நான் பார்த்துவிட்டேன். வேலியோரம் குனிந்து புழுக்கை கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

அது சந்தையில் வாங்கி ஒரு வாரமான குட்டி. வந்ததிலிருந்தே எனக்கு அதன்மேல் ஒரு கண். தழை போட்டால் மோந்துபோட்டு நிற்கும். பின்னங்காலெல்லாம் கழிச்சல். அன்றைக்குப் பார்த்தால் கால் கழுவி ஈரமாக நிற்கிறது. ஊசிக்குப் போகிற ஆட்டை எதற்குக் கழுவ வேண்டும்?

எனக்கு இருப்பது ஏழு உருப்படி. தறிக்குப் போகிற தெம்பு போன பிறகு அந்த ஏழும்தான் எனக்குச் சோறு. முன்னொரு தடவை ஆட்டுக்கொல்லி நோவு வந்து ஒரே வாரத்தில் பட்டி வெறும்பட்டி ஆனது. அதுவும் மூக்கொழுகலில்தான் ஆரம்பித்தது.

அவள் குட்டிக்குக் குத்தின ஊசியையே என் ஆட்டுக்கும் குத்திவிட்டால்? கேட்க வாய் வராது. நாலு பேர் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கயிறுகளைச் சேர்த்துப் பிடித்து, தலை நிமிராமல் எல்லாரையும் தாண்டிப்போய் முன்னால் நின்றேன்.

"ஏனுங்கக்கா, ரேசன் கடைக்கு ஊரே போனப்பொறவு வாரவீங்க, இன்னைக்கு பஸ்ஸுல சீட்டுப் புடிக்கறாப்புல ஓடறீங்க?" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள்.

"வெயிலு ஆகறதில்லீங்க அம்மணி."

"வெயிலா? குளுருக்கு நானே போத்தீட்டு நிக்கறேன்!" குட்டியின் முகமும் அந்த முந்தானைக்குள்தான் இருந்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். "சீக்கான ஆடு இருந்தா சொல்லிப்போடுங்க, அதுக்கு இன்னைக்குப் போட வேண்டாம்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். யாரும் பேசவில்லை. நானும்தான். ஆட்டுக்கு ஆடு புது ஊசி மாட்டியதைப் பிறகுதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அந்தக் குட்டி செத்தது. "ஊசியப் போட்டுக் கொன்னுபோட்டாங்க" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு என் வாசலுக்கும் வந்தாள்.

"உங்குளுது ஏழும் நல்லா இருக்குதுங்களா? நல்ல மருந்தெல்லாம் முன்னால நின்னவீங்களுக்கே போயிருச்சாட்ட இருக்குது" என்று என் கண்ணையே பார்த்தாள். வேலியோரம் என்னைப் பார்த்திருப்பாளோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அவள் சிரித்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்த தடவை டாக்டர் ஊசி போட வந்தபோது மரத்தடியில் நான் ஒருத்தி மட்டும். என் கையில் ஒன்றரை மாதக் குட்டி ஒன்று.

"இதுக்கு இன்னும் வயசு பத்தலீங்கம்மா. சுத்தியிருக்கற ஆடுகளுக்குப் போட்டுட்டா பயமில்லீங்க" என்றார் டாக்டர். "ஆனா ஒருத்தரையுங் காணோமே?"

குட்டி என் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பட்டிக்கும் என் பட்டிக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். ஊசியால்தான் குட்டி செத்தது என்று ஊர் பயந்துகிடப்பதையும், அன்று பார்த்ததையும் மெல்லச் சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே! வாங்க, அவுங்ககிட்டயே சொல்லுங்க."

குட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் பின்னாலேயே போனேன். அவள் வாசலிலேயே நின்றாள்.

"அம்மணி, அந்தக் குட்டிக்கு முன்னாலயே சீக்குங்க. நீங்க மூக்கத் தொடச்சத நாம் பாத்தேன்."

"நீங்க பாத்தது எனக்குந் தெரியுமுங்க" என்றாள் பட்டென்று. "ஊசி போட்டா பொழைச்சுக்குமின்னு கொண்டாந்தேன். நீங்க மட்டும் முன்னால ஓடிப்போயி நின்னுக்கிட்டீங்க. எனக்கொரு வார்த்தை சொன்னீங்களா?"

டாக்டர்தான் பேசினார். சீக்கு உள்ளே இருக்கிற ஆட்டை ஊசி காப்பாற்றாது என்றார். அவள் கேட்டுக்கொண்டாளா, கேட்கிற மாதிரி நின்றாளா தெரியவில்லை. "இருங்க, அவுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனாள்.

நாலு ஆடுகளை ஓட்டி வந்தாள். அவளுக்கு ஆறு உருப்படி என்பது எனக்குத் தெரியும். டாக்டர் ஐஸ் பெட்டியைத் திறந்தார். நான் குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கருப்பாடும் கொம்பொடிஞ்சதும் எங்கீங்க அம்மணி?" என்றேன். ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.