அம்மாவின் விடாய்

அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கல். நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று டொக்டர் எழுதித் தந்த துண்டை வாசித்துக் காட்டிவிட்டு, செம்பில் தண்ணீர் வார்த்தேன். அந்தச் சத்தத்தில் முகாம் நினைவுக்கு வந்தது.

இடம்பெயர்ந்து வந்த எங்கள் எல்லோருக்குமாகத் தகரம் அடித்த நாலு கக்கூஸ். எந்நேரமும் வரிசை. ஆண்களுக்கு முன்னால் அதில் நிற்க வெட்கப்பட்டு, அம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். எனக்கு வார்த்துத் தந்துவிட்டு, "எனக்கு விடாயில்லையடா" என்பார்.

"உவள் ஒட்டகமெல்லே!" என்று பக்கத்துக் கொட்டில் மாமி சிரிப்பார். நானும் அதை நம்பிச் சிரித்தேன்.

இன்று சொந்தக் காணி, சொந்தக் கக்கூஸ். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"குடியுங்கோ அம்மா."

செம்பை வாங்கியவர் வாயருகே நிறுத்தினார்.

"தம்பி, பின்னாலை ஒருக்கா எட்டிப் பார். வரிசையிலை ஆரும் நிக்கினமோ?"