முதுகு திறந்த சட்டை

தபால் பெட்டிக்குள் ஒரு தாள் கிடந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். அதனால் ஆறு வயது மகள் வாசித்துச் சொன்னாள். ஹாலோவீனுக்குத் தெருப் பிள்ளைகள் வேடம் போட்டு இனிப்பு வாங்க வீடு வீடாக வரப் போகிறார்களாம். வரட்டும் என்று நினைப்பவர்கள் தபால் பெட்டியில் ஒரு பலூன் கட்டினால் போதுமாம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி எழுதியிருந்தார். அடியில் மகளின் பெயரைத் தனியாக எழுதி, அவளும் வர வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அது இரண்டாயிரத்துப் பதினொன்று. ஆஸ்திரேலியாவில், டண்டினொங்கில் நாங்கள் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதுவரை ஒருவரும் அவளை எதற்கும் கூப்பிட்டதில்லை. என்னைப் போலவே கூச்சம் பிடித்த பிள்ளை. அந்தத் தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள்.

மனைவிக்கு விருப்பமில்லை.

“பேய் வேசமெல்லாம் எங்கட வீட்டில வேண்டாம். ரெண்டு நாள் கழிச்சு செத்தவைக்குச் செபிக்கிற ஆத்துமாக்களின்ர திருநாள் வருகுது” என்றாள்.

“எல்லாரும் போகினமாம். இவள் மட்டும் யன்னலுக்கால பாத்துக்கொண்டு நிக்கிறதே?” என்றேன்.

மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டே யோசித்தாள். “அப்ப சம்மனசு வேசம் போடட்டும். டிசம்பரில நத்தாருக்கும் உதவும்.”

“சம்மனசு எண்டா?” என்று மகள் கேட்டாள்.

“ஏஞ்சல்” என்றேன்.

மகள் குசினியைச் சுற்றி ஓடினாள். அந்த ஒரு சொல்லோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

எங்களுக்கு இவளுக்கு முன்னால் ஒரு மகள் இருந்தாள். மன்னாரில் நாலு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். அதே காய்ச்சலில் மனைவியை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சண்டையால் பாதை பூட்டியிருந்தது. மூன்று நாள் கழித்து அவள் வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. மூத்தவளை எப்படி உடுத்தினோம், கடைசியில் அவள் எப்படி இருந்தாள் என்று மனைவி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் நான் அந்தப் பக்கமே பேச்சைக் கொண்டுபோவதில்லை. இப்படியே பதினொரு வருடம் போயிருந்தது.

நான் சின்ன வயதிலேயே தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன். இங்கே மெத்தைத் தொழிற்சாலையில் உறை தைக்கிறேன். வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துணியில் கொஞ்சம் எடுக்கலாமா என்று சுப்பவைசரிடம் கேட்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. “எதுக்கு?” என்று கேட்டான். “டோட்டர். ஏஞ்சல்” என்றேன். அவன் சிரித்துக்கொண்டு ஒரு கட்டு முழுவதையும் தூக்கித் தந்தான்.

வேலை முடிந்து வந்து பின் அறையில் மெஷினில் இருந்தேன். அளவெடுக்க மகளைக் கதிரையில் ஏற்றினால் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க மாட்டாள்.

“அப்பா, பறக்குமா?”

“நிண்டா அளக்கலாம். பறந்தா எப்பிடி அளக்கிறது?”

முதுகில் கட்டும் செட்டைகளைக் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையில் வெட்டி, சமையல் அலுமினியத் தாளை ஒட்டினேன். தலைக்குக் கம்பி வளையம் செய்து, வெள்ளைக் கடதாசியில் பூச் செய்து கட்டினேன். சட்டையை யோசிக்காமலே வெட்டினேன். கைக்குத் தெரிந்த வேலை. ஹாலோவீன் அன்று பின்னேரம்தான் கடைசி நாடாவைத் தைத்து முடித்தேன்.

ஆறு மணிக்கு வெளியே நல்ல வெயில். மகளே தபால் பெட்டியில் பலூன் கட்டிவிட்டு வந்தாள். சட்டையைப் போட்டு, தலையில் பூவளையத்தை வைத்தேன். பின்னால் நாடாவைக் குஞ்சமாகக் கட்டுவது மனைவிக்குத்தான் வடிவாக வரும்.

“இஞ்ச வாரும், இந்த நாடாவைக் கட்டிவிடும்” என்று கூப்பிட்டேன்.

அவள் சிரித்துக்கொண்டே வந்து மகளின் பின்னால் முழங்காலில் இருந்தாள். முதல் நாடாவைக் கட்டினாள். இரண்டாவதைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டாள்.

“ஏன் முதுகு தைக்கேல்லை?”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளை இறந்தால் சம்மனசு போல உடுத்தித்தான் அடக்கம் செய்வார்கள். வெள்ளைச் சட்டை, கடதாசிப் பூ முடி. அந்தச் சட்டைக்கு முதுகு மூடுவதில்லை. விறைத்த கையைத் தூக்கி நுழைக்க முடியாது. முன்பக்கமாகப் போர்த்தி, உடம்பைச் சற்றுச் சரித்து, பின்னால் நாடாவால் கட்டுவார்கள். கடையில் இருந்த காலத்தில் அப்படி எத்தனையோ தைத்தேன். கடைசியாக மூத்தவளுக்குத் தைத்தேன். சம்மனசு என்றதும் என் கை அதைத்தான் வெட்டியிருந்தது.

“பழக்கத்தில வெட்டிப்போட்டன்” என்றேன்.

மனைவி கட்டிய நாடாவை அவிழ்த்தாள். பூவளையத்தை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். சட்டையைக் கழற்றினாள்.

“அம்மா, நோ! தே ஆர் கமிங்!”

“கொஞ்சம் பொறம்மா. தைச்சுத் தாறன்.”

அவள் ஊசியில் நூல் கோத்து, முதுகை மேலிருந்து கீழே தைக்கத் தொடங்கினாள். “மெஷினில ஒரு நிமிசத்தில அடிச்சுத் தாறன்” என்றேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை. வாசலில் மணி அடித்தது. மகள் உள்பாவாடையோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் போய்த் திறந்தேன். ஒரு சூனியக்காரி, இரண்டு எலும்புக்கூடு, ஒரு பூசணிக்காய். பக்கத்து வீட்டுப் பெண்மணி பின்னால் நின்று மகள் எங்கே என்று கேட்டார். “கமிங், கமிங்” என்று சொல்லி இனிப்பைக் கொடுத்தேன். சற்று நேரம் நின்றார்கள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மனைவி நூலைக் கடித்து முடித்துவிட்டுச் சட்டையை மகளின் தலையில் போட்டாள். போகவில்லை. பின்பக்கம் திறந்து கட்டுவதற்கு வெட்டிய கழுத்து அது, தலை நுழையாது. அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் தைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு வாய் வரவில்லை. மகள் துணிக்குள் முகம் அகப்பட்டபடி அழுதாள்.

கடைசியில் கட்டம் போட்ட பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டு, அதன்மேல் செட்டையைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். தெரு முடிவில்தான் அவர்களைப் பிடித்தோம். நான் ஒரு எலுமிச்சை மரத்தடியில் ஒதுங்கி நின்றேன்.

எலும்புக்கூடுகளில் ஒருவன் அவளைச் சுற்றிப் பார்த்தான். “வாட் ஆர் யூ? எ சிக்கன்?”

மகள் மூக்கைத் துடைத்தாள். பிறகு இரண்டு முழங்கையையும் மடித்து அடித்து, கொக் கொக் என்று கொக்கரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். சூனியக்காரி அவள் கையைப் பிடித்து அடுத்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். என் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஓடுவதை அன்றுதான் பார்த்தேன். சந்தோசப்பட வேண்டிய நேரம். எனக்கு வீட்டில் இருப்பவளின் நினைப்பாகவே இருந்தது.

திரும்பி வந்தபோது மனைவி அதே இடத்தில் இருந்தாள். தான் தைத்த தையலையெல்லாம் பிரித்திருந்தாள். சட்டை மடியில் முதுகு திறந்து கிடந்தது. மகள் இனிப்புப் பையைக் கொட்டி எண்ணுவதற்கு வரவேற்பறைக்கு ஓடினாள்.

“அவளுக்கும் இப்பிடித்தான் தைச்சனீங்களோ?” என்று மனைவி கேட்டாள்.

“ஓம்.”

“நாலு நாடாவோ?”

“மூண்டு. சின்ன உடம்புதானே.”

அவள் கையால் அந்தத் துணியின் நீளத்தை அளந்து பார்த்தாள். பிறகு கொஞ்சம் மடித்துக் குறைத்தாள்.

“கை கட்டையோ, நீளமோ?”

“நீளம். முழங்கையில காயம் இருந்தது. அது தெரியக் கூடாதெண்டு நீளமா வைச்சன்.”

“கிணத்தடியில விழுந்த காயம்” என்றாள்.

“ஓம்.”

“நான்தான் மருந்து போட்டனான். ஆறேல்லையோ?”

பதினொரு வருடமாக நான் பயந்திருந்தது இதற்கல்ல. மூத்தவள் எப்படி அழுதாள், அம்மாவைத் தேடினாளா என்றெல்லாம் கேட்பாள் என்று நினைத்திருந்தேன். அவற்றுக்கு என்னிடம் சில பொய்கள் இருந்தன. இதற்கு ஒன்றும் இல்லை.

“ஆறேல்லை” என்றேன்.

அவள் தலையசைத்தாள். சட்டையின் கையை எடுத்து, முழங்கை வரும் இடத்தைப் பெருவிரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். வரவேற்பறையில் மகள் செட்டையைக் கழற்றாமலே இன்னும் கொக்கரித்துக்கொண்டிருந்தாள். நான் மனைவிக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன்.

“இன்னும் கேளும்” என்றேன்.