இழுக்காதே, தூக்கி வை

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் பெரியவர்கள் அப்பாவின் நேர்மையையும் உழைப்பையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். மூத்த மகளாகிய எனக்கு எழுத மிஞ்சியது அப்பாவின் கண்டிப்பு. அதை என்னைவிட அதிகம் அனுபவித்தவர் யாரும் இல்லை.

ஆமத்தூரில், மழையை நம்பிப் பருத்தி விதைத்த குடும்பத்தில் அப்பா பிறந்தார். சிறு வயதிலேயே தாத்தா இறந்துவிட, படிப்பை விட்டுவிட்டு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தார். அத்தைமார் இருவரையும் கட்டிக்கொடுத்த பிறகே தன் கல்யாணத்தை நினைத்தார். போர்மேனாக உயர்ந்தார். சீசனில் ஆர்டர் கழுத்தை நெரித்தாலும், தூரத்தில் மின்னல் வெட்டினால் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார். முதலாளி சத்தம் போட்டாலும் அசையமாட்டார்.

வீட்டில் அப்பாவின் முதல் சட்டம், எதையும் தரையில் இழுக்கக் கூடாது என்பது. நாற்காலி, வாளி, அரிசி மூட்டை, எதுவானாலும் சரி. "இழுக்காத, தூக்கி வை" என்பதைக் கேட்டே வளர்ந்தோம். எங்கள் வீட்டு நாற்காலிகளுக்கு இன்றுவரை கால் தேயவில்லை. நாற்காலியைத் தூக்கத் தெம்பில்லாத வயதில் நான் நின்றுகொண்டே வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் என் தோழி முதல்முறையாக வீட்டுக்கு வந்தாள். உட்கார ஸ்டூலை இழுத்தாள். அப்பா போட்ட அதட்டலில் அந்தப் பிள்ளை அழுதேவிட்டாள். பிறகு அவள் வரவே இல்லை.

"எதுக்குப்பா இப்படிச் செய்றீக?" என்று கேட்டேன்.

"சொன்னதச் செய்யி" என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு நான் காரணம் கேட்கவில்லை. மெல்ல மெல்லப் பேச்சும் குறைந்தது. கல்யாணமாகிக் கோவைக்குப் போன பிறகு, ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பாவின் முன்னால் வேண்டுமென்றே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். அப்பாவின் முகம் சுருங்கும். கட்டிக்கொடுத்த பிள்ளை என்றோ என்னவோ, ஒன்றும் சொல்லமாட்டார். ஜெயித்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

பக்கவாதத்தில் அப்பா படுத்தபோது ஓடி வந்தேன். கட்டிலருகே நாற்காலியை இழுத்தேன். இந்த முறை வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கதோஷம். பேச்சு வராத அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல கை மேலே எழுந்தது. "இன்னுமாப்பா?" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

அம்மா பின்னாலேயே வந்தார். "அவுக வேலைக்குச் சேர்ந்த புதுசு. கூட்டாளி ஒருத்தரு வெடிமருந்து டின்னத் தரையோட இழுத்திருக்காரு. இவுக தண்ணி குடிக்க வெளிய வந்திருந்தாக. திரும்பிப் பார்த்தா ரூமே இல்ல. தரையில இழுக்குற சத்தம் கேட்டா இன்னமும் அவுகளுக்கு உசுரு பதறும்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லட்டுமான்னு கேட்டேன். 'வேண்டாம், தெரிஞ்சா நான் வீடு திரும்புற வரைக்கும் பிள்ள வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கும். என் மேல கோவமா இருந்துட்டுப் போகட்டும், பயந்து வளர வேண்டாம்'னுட்டாக. வேலைய விட்டு நின்ன பொறகு சொல்லியிருப்பாக. நீதான் முகங்குடுத்துப் பேசுறதே இல்லையே."

உள்ளே போனேன். அப்பா கண்ணயர்ந்திருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. காலையில் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன். விடிவதற்குள் அப்பா போய்விட்டார். மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மறுநாள் அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டியை நகர்த்த, உறவினர்கள் ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்தார்கள். தரை கிறீச்சிட்டது.

"இழுக்காதீக! தூக்குங்க!" என்று கத்தினேன்.

எல்லோரும் திகைத்து என்னைப் பார்த்தார்கள். வாசலில் நின்ற பட்டாசுக் கம்பெனி ஆட்கள் மட்டும் ஒன்றும் கேட்காமல் உள்ளே வந்து, ஆளுக்கொரு பக்கம் குனிந்து தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த பக்கத்து வீட்டாருக்கும், காரியாபட்டியிலிருந்து வந்து அம்மாவுக்குத் துணையிருந்த அத்தைக்கும், துக்கத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தக் கம்பெனி ஆட்களுக்கு என் தனி நன்றி. அவர்களால்தான் அப்பா இந்த வீட்டை விட்டுப் போகும்போது தரையில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.