ஐந்தாவது வரியில் இருந்த பேய்

திருத்தணியில் மலையடிவாரத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே, முருகனை நம்பிப் பிழைக்கிற கிறிஸ்தவர் ஒருவர் உண்டு. பெயர் காலேப். காலேப் டிஜிட்டல் ஸ்டுடியோவில் முதலாளி, படம் பிடிப்பவர், பிரிண்ட் போடுபவர் எல்லாம் அவரே. மலையில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் காயாமல் இறங்கி வரும் குழந்தைகளைப் படம் எடுத்தே வீடு கட்டியவர். ஆந்திராப் பக்கத்துக் குழந்தை அழுதால் "நைனா, இக்கட சூடு" என்று தெலுங்கில் இங்கே பார்க்கச் சொல்லிக் கிலுகிலுப்பை ஆட்டுவார். நம் பக்கத்துக் குழந்தை என்றால் கிலுகிலுப்பை மட்டும். ஞாயிறு காலை கடை மூடியிருக்கும். படியளப்பவர் மலைமேல் இருக்கிறார், நன்றி சொல்லப் போவது கீழே உள்ள சபைக்கு. இரண்டு பக்கத்திலிருந்தும் இதுவரை ஆட்சேபம் வந்ததில்லை.

ஐம்பதைத் தாண்டிய காலேப்புக்கு இருந்த ஒரே கர்வம் கண். "படம் புடிக்கிறவனுக்குக் கண்ணுதான்யா முதல். மூக்குமேல கண்ணாடிய மாட்டிகினு நின்னா எவன் நம்பி உக்காருவான்?" என்பார். சபையில் வேத பாடம் வாசிக்கும் முறை வந்தால், போதகரே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்ளும் இடத்தில், காலேப் வெறுங்கண்ணோடு போய் நின்று கடகடவென்று வாசித்துவிட்டு வருவார். சபை மூக்கில் விரல் வைக்கும். அந்தப் பாடத்தை வாரம் முழுக்கத் தன் மனைவி தபிதாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு அவர் மனப்பாடம் செய்தது சபைக்குத் தெரியாது.

தபிதாளுக்குத் தெரியும், சொன்னதில்லை. ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக் கவரில் போடுவதும், கல்லாவைப் பார்ப்பதும், அவருக்கு வரும் எழுத்தையெல்லாம் படிப்பதும் அவள்தான். மாத்திரை அட்டை வந்தால், "படி பாக்கலாம், உனுக்கு எவ்ளோ இங்கிலீஷ் வருதுன்னு பாக்கறேன்" என்று நீட்டுவார். அவளும் பரீட்சை எழுதுகிற பிள்ளை போல ஒழுங்காகப் படித்துக் காட்டுவாள். இப்படி ஒரு குடும்பத்துக்குள் ஒரு பொய் எத்தனை மரியாதையோடு வாழ முடியும் என்பதற்கு அந்த வீடு நல்ல சாட்சி.

இந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது சபையின் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவால். சபைச் செகரட்டரி இஸ்ரேல், தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனது ஆபீசுக்கு மட்டும்தான் தெரியும், அவருக்கு இன்னும் தகவல் வரவில்லை. அவர் ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்து, "சபை மொத்தமும் ஒரே படத்துல வரணும் காலேப்பு. வடக்கு செவுரு காலியாத்தான் கீது. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நீளமா ஒன்னு போட்டுடலாம். நடுவுல நாங்க நிர்வாகிங்க" என்றார்.

அவ்வளவு கூட்டத்தை ஒரே சொடுக்கில் பிடிக்க முடியாது. கேமராவை ஸ்டாண்டில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஐந்து படம் எடுக்கவேண்டும். ஒவ்வொரு படமும் முந்தின படத்தில் பாதியைத் திரும்பக் காட்டவேண்டும். அதை அடையாளம் வைத்துக்கொண்டு பனோரமா சாப்ட்வேர் ஐந்தையும் ஒன்றாக ஒட்டும். காலேப் மலையை இப்படி ஒட்டி விற்றிருக்கிறார். அந்த சாப்ட்வேரின் எழுத்தையும் அவர் படித்ததில்லை. இரண்டாவது மெனு, ஐந்தாவது வரி, ஒரு டிக். டிக் போட்டால் ஓரத்துப் பிசிறுகளைத் தானே வெட்டிவிடும். வேத பாடத்தைப் போல அதுவும் மனப்பாடம்.

படத்துக்குக் குறித்த ஞாயிறன்று, ஆராதனை முடிந்ததும், சபை மொத்தமும் வாசலில் வரிசை கட்டியது. இஸ்ரேல் நடுவிடத்தைக் கயிறு பிடித்து அளந்து அதில் தன் நாற்காலியைப் போட்டார். "மூச்சு வுடலாம், தலய மட்டும் ஆட்டாதீங்க" என்று உத்தரவு போட்டார் காலேப். மூன்றாவது படம் எடுத்த பிறகுதான் கவனித்தார், செகரட்டரிக்குப் பின்னால் அவர் வீட்டு ஆட்கள் நெருக்கியடித்து நிற்க, நாலடி தள்ளி ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வரிசை பல் விழுந்த மாதிரி இருந்தது. செகரட்டரி குடும்பத்தை நகரச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? சொன்னபடி நகரக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள். "தபிதா, நீ அந்தச் சந்துல போய் நில்லு" என்றார். மூன்றாவது படத்தில் பதிந்த இடத்தை விட்டு அவள் நகர்ந்து நின்றாள். நாலாவதும் ஐந்தாவதும் எடுத்து முடித்தார்.

இனி மானிட்டர். அவ்வளவு நீளப் படத்துக்குப் பழைய மானிட்டர் உதவாது என்று, ஸ்டேஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெயப்பிரகாஷ் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். ஃபோர்-கே டிஸ்ப்ளே. கையோடு சாப்ட்வேரிலும் பழசை எடுத்துவிட்டுப் புது வெர்ஷனை ஏற்றினான். ஒரு மொட்டைப் படத்தைத் திறந்தால் சந்தனத்தில் விழுந்த வெடிப்புவரை தெரிந்தது. காலேப்புக்கு வாயெல்லாம் பல்.

சாப்ட்வேரைத் திறந்தார். பல் மறைந்தது. மெனு எழுத்து முழுவதும் கேழ்வரகு சிந்தின மாதிரி இருந்தது.

"இன்னாய்யா, டிஸ்ப்ளேல கோளாறு கீதா? எழுத்து சரியா வரலியே."

"கோளாறுலாம் இல்லணா. மத்ததெல்லாம் ஸ்கிரீனுக்குத் தக்கன தானே பெருசாயிடும். இது அந்தக் காலத்துல எழுதுன சாப்ட்வேரு. வெர்ஷன் புதுசு, உள்ள இருக்கறது பழசு. ஒரு எழுத்துக்கு இத்தினி புள்ளின்னு கணக்கு வெச்சிகினு கீது. இதுல புள்ளி ரொம்பப் பொடிசு." ஜெயப்பிரகாஷ் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. "நைஸ் நூல்ல நெய்தா அதே இழை எண்ணிக்கைல போட்ட அன்னப்பறவ சின்னதாத்தான வரும், அந்த மாதிரி. ரைட் க்ளிக் பண்ணி, பிராப்பர்ட்டீஸ்ல போயி, ஸ்கேலிங்ல ஒரு டிக் போட்டா எழுத்து பெருசாயிடும். போடட்டுமா? உனுக்குத் தெரியுதா, தெரியலியா?"

பையன் கேட்டது சாதாரணக் கேள்வி. ஆங், தெரியலப்பா என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"எனுக்கா? தெளிவாத் தெரியுதே. கஸ்டமருக்குக் கஷ்டமா இருக்குமேன்னு கேட்டேன்."

"கஸ்டமர் எதுக்குணா மெனுவப் பாக்கப் போறான்? வுடு" என்று பையை மாட்டிக்கொண்டு போய்விட்டான் ஜெயப்பிரகாஷ்.

காலேப் மனப்பாடத்தை நம்பி இறங்கினார். இரண்டாவது மெனு, ஐந்தாவது வரி, ஒரு டிக். புது வெர்ஷனில் ஐந்தாவது வரியில் வேறொன்றைக் குடியேற்றியிருந்தார்கள். கேழ்வரகை யார் படிப்பது? கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் மூச்சிரைத்துவிட்டு, சபையை ஒரே நீளமாக ஒட்டிக் கொடுத்தது. ஓரத்தில்தான் பிசிறு நின்றது. புதுசு என்றால் அப்படித்தான் என்று அதைக் கையாலேயே வெட்டினார். ஒட்டு எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. கர்வத்தோடு செகரட்டரிக்குப் போன் போட்டார்.

நிர்வாகக் கமிட்டி முழுவதும் ஸ்டுடியோவில் வந்து நெருக்கியடித்தது. ஒவ்வொருவராகத் தன் முகத்தைப் பெரிசாக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அந்த டிஸ்ப்ளேயில் சாயம் பூசாத மயிரடி தெரிந்தது, சட்டைக் காலரின் நைந்த நூல் தெரிந்தது. "இவ்ளோ தெளிவு இன்னாத்துக்குபா?" என்று இஸ்ரேல் மீசையை மட்டும் கொஞ்சம் கறுப்பாக்கச் சொன்னார். இன்னொருவர் தன் மருமகளை விடத் தான் குள்ளமாக வந்திருப்பது சாப்ட்வேர் கோளாறு என்று எழுதித் தரக் கேட்டார். தன் முகம் இருக்கிறதா, எதிராளி முகம் தன்னுடையதைவிடப் பெரிசா என்பதோடு ஆராய்ச்சி முடிந்தது. பிரிண்டுக்கு அனுப்பலாம் என்று தீர்மானம் போட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

மதியம் தபிதாள் கேரியர் கொண்டுவந்தாள். படம் முழு நீளத்துக்கும் திரையில் விரிந்திருந்தது. கேரியரை வைத்துவிட்டு, இடது ஓரத்திலிருந்து முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். வலது ஓரம் வந்ததும் மறுபடி இடது ஓரத்துக்குப் போனாள்.

"ஏங்க, நான் எங்க?"

"எங்கன்னா? நடுவுலதான் நின்னுகினு இருந்த. நான்தான நகரச் சொன்னேன்."

"அதாங்க தேடறேன்."

காலேப் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். தலையையும் பின்னுக்கு இழுத்தார். புள்ளி புள்ளியாகத் தெரிந்த முகங்களுக்கு நடுவே நீலப் புடவை ஒன்றைக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்தார். "இதோ கீறியே. நீலப் பொடவ."

தபிதாள் விரல் வைத்த இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"அது செகரட்டரி வூட்டம்மாங்க."

அந்த விரலை அப்புறம் எங்கே வைத்துக்கொள்வதென்று காலேப்புக்குத் தெரியவில்லை. தபிதாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குப் பதில் இருந்திருக்கும். அவள் கேரியரைத் திறந்து, தட்டை வைத்து, சோற்றைப் போட்டாள்.

"கண்ணு தெரியலன்னு சொல்லிடுங்க, அதோட வுட்டுடறேன்" என்றாள். "கண்ணு நல்லாத் தெரியுதுன்னு சொன்னீங்கன்னாதான் எனுக்குக் கஷ்டம்."

காலேப் மறுபடி திரையைப் பார்த்தார். அந்தப் படத்தை அவர் எத்தனை முறை பார்த்திருப்பார். மீசையைக் கறுப்பாக்கினார், காலரைச் சரிசெய்தார், யார் யார் குறையையோ தீர்த்தார். வீட்டு மனுஷி இல்லாதது மட்டும் கண்ணில் படவில்லை. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"தெரியல தபிதா" என்றார். "ரொம்ப நாளாவே தெரியல."

"எனுக்குத் தெரியுங்க. ரசம் ஊத்தட்டுமா?"

சாயங்காலம் ஜெயப்பிரகாஷ் வந்து அந்த ஸ்கேலிங் டிக்கைப் போட்டான். எழுத்து பெரிசானது. அப்படியும் காலேப்புக்குக் கலங்கலாகத்தான் இருந்தது. மறுநாளே தபிதாள் அவரைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனாள். காலேப் புதுக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்து, இரண்டாவது மெனுவைத் திறந்து, பிறந்தது முதல் அன்றைக்குத்தான் ஐந்தாவது வரியைப் படித்தார். கோஸ்ட் ரிமூவல் என்று இருந்தது. பக்கத்தில் அவர் போட்ட டிக்.

"கோஸ்ட்னா பேயாய்யா? சபைப் படத்துல ஏதுய்யா பேயி?" என்று ஜெயப்பிரகாஷுக்குப் போன் போட்டார்.

"நெஜப் பேய் இல்லணா. ஒரு படத்துல ஒரு எடத்துல இருக்கறது, அடுத்த படத்துல அதே எடத்துல இல்லன்னா அத பேய்னு சொல்லும். நடுவுல நாய் ஓடும், கொடி ஆடும். அத்தயெல்லாம் தொடச்சி எடுத்துடும். யாராவது நகந்தாங்களா?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இதன் கண்ணுக்கு அசைந்ததெல்லாம் பேய். செகரட்டரி அசையவில்லை, கமிட்டி அசையவில்லை. புருஷன் சொன்னானே என்று நகர்ந்து நின்றவளைப் பேய் என்று முடிவு கட்டி, பழைய இடத்திலும் புது இடத்திலும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

காலேப் டிக்கை எடுத்தார். கம்ப்யூட்டர் மூச்சிரைத்தது. தபிதாள் வந்தாள், இரண்டு இடத்திலும், புகை மாதிரி. சாப்ட்வேரில் தூரிகை ஒன்று உண்டு. எதை வைத்துக்கொள்ள வேண்டுமோ அதன்மேல் தடவினால் அது திடமாகும், வேண்டாததை அழிக்கலாம். புது இடத்தில் நின்றவளைத் தடவித் திடமாக்கினார். பழைய இடத்தில் நின்றவளை அழிக்கப் போனார். இன்னொரு தடவை அவளை அழிக்கக் கை வரவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவளையும் தடவித் திடமாக்கினார்.

விழாவன்று போதகர் படத்தை மூடியிருந்த திரையை விலக்கினார். வடக்குச் சுவர் முழுக்க சபை நின்றது. ஒருத்தி இல்லாதது அத்தனை பேர் கூடிப் பார்த்தும் படாத கண்களில், அவள் இரண்டு பேராக நின்றது உடனே பட்டுவிட்டது.

"இன்னாபா காலேப்பு" என்று வந்தார் இஸ்ரேல். "செகரட்டரி எனுக்கே ஒரு எடம். உங்க வூட்டம்மாவுக்கு மட்டும் ரெண்டு எடமா? இத கமிட்டில வெக்கணும்."

"வெய்ங்க" என்றார் காலேப். "மொத தடவ ஒட்டுன படத்துல அவ இல்லவே இல்ல. அத்த யாரும் கமிட்டில வெக்கல, நானும் வெக்கல. அதையும் சேத்து எழுதிக்கோங்க."

அன்றைக்கு வேத பாடமும் அவர் முறைதான். கண்ணாடி போட்டுக்கொண்டு தடுக்கித் தடுக்கி வாசித்தார். காலேப்புக்கு வயசாகிவிட்டது என்று சபை வருத்தப்பட்டது.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தபிதாள் சுவருக்குப் பக்கத்தில் போய், முதலில் ஒருத்தியையும் பிறகு மற்றவளையும் பார்த்தாள். காலேப் பின்னால் வந்து நின்றார்.

"ஏங்க, ரெண்டுல எது நல்லா கீது?"

முன்பென்றால், ரெண்டுமே நல்லாத்தான் கீது, வா சாப்பிடப் போலாம் என்றிருப்பார். காலேப் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இரு" என்றார். "பாத்துட்டுச் சொல்றேன்."