ஆல்டர்டு சட்டை

எங்கள் இங்கிலீஷ் டீச்சருக்கு ஒரு பழக்கம். புதிதாக ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தால், அதற்கு உதாரணமாக வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்வார். அன்றைய வார்த்தை ‘ஆல்டர்டு’. மாற்றப்பட்டது என்று பொருள். நான்தான் முந்திரிக்கொட்டை ஆயிற்றே, உடனே எழுந்தேன். எங்கள் பழவேற்காட்டில் டச்சுக்காரன் கட்டிய கோட்டை முள்ளுக்காடாகிக் கிடக்கிறதே, அது ஆல்டர்டுதானே என்றேன். இல்லையாம். கோட்டை தானாக இடிந்ததாம். யாராவது ஒரு காரியத்துக்காகக் கைவைத்து மாற்றினால்தான் அந்த வார்த்தையைப் போடவேண்டுமாம்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்போது எங்கள் வீட்டில் யாருக்குமே இருப்புக்கொள்ளாத காலம். நைனா நெடுநாள் இருமலில் இருந்தார். பொன்னேரி ஆஸ்பத்திரி மருந்தில் இருமல் குறைவதும் கூடுவதுமாக இருந்தது. ஏரியில் வலை போட எங்கள் ஊரில் முறை உண்டு, அதற்குப் பாடு என்று பேர். அடுத்த பாட்டுக்கு இறங்கியே தீருவேன் என்று நைனா வாசலுக்கும் கரைக்குமாக நடந்துகொண்டிருப்பார். உடம்பு உருகிக்கொண்டிருப்பது தெரிந்தால் மனசு விட்டுப்போய்ப் படுத்துவிடுவார் என்று அம்மாவுக்குப் பயம்.

சட்டையே போட்டறியாத மனுஷனை, காற்று ஆகாது என்று சொல்லி எந்நேரமும் சட்டையோடு வைத்திருந்தாள். அவர் கொஞ்சம் சோர்ந்தால் போதும்.

“ஒடம்பு எங்கய்யா எளச்சிது? சட்ட எப்டி கச்சிதமா நிக்குது பாரு!”

நைனாவும் குனிந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி நடக்கத் தொடங்குவார்.

உதாரணம் தேடிப் பெட்டியைக் கிளறியபோது துவைத்து வைத்திருந்த அவருடைய நீலச்சட்டை அகப்பட்டது. உள்பக்கம் திருப்பினால் இரண்டு விலாவிலும் வலை நூலால் பிடித்துத் தைத்திருந்தது. அந்தத் தையலுக்கு உள்ளே இன்னொரு தையல். கிழிந்த வலை பொத்துகிறவள் கையல்லவா, ஒவ்வொரு தையலையும் வலைமுடிச்சுப் போட்டே முடித்திருந்தாள். சினிமா ஹீரோ மாதிரி இறுக்கமாக இருக்கட்டும் என்று அம்மா செய்திருக்கிறாள் என நினைத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன்.

“நைனா, உன் சட்ட ஆல்டர்டு!”

“இன்னாம்மா அது?”

டீச்சர் சொன்ன அத்தனையையும் ஒப்பித்தேன். நைனா சட்டையை வாங்கி முடிச்சுகளை விரலால் தடவினார்.

“அப்ப நானு?”

“நீ இல்ல நைனா. நீ தானா மாறிக்கினே. யாரனா கைவெச்சி மாத்துனாத்தான் அந்த வார்த்த.”

நைனா சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று. பிறகு சட்டையை மடிப்புக் கலையாமல் மடித்து என் கையில் கொடுத்தார்.

“இருந்த எடத்துலயே வெச்சிடு. டீச்சருக்கு வேற எதனா எடுத்துக்கினு போ. நா பாத்தேன்னு அம்மாகிட்ட சொல்லாத, இன்னா?”

அருமையான உதாரணம் கைவிட்டுப் போன ஆத்திரத்தில், படகின் கிழிந்த பாய்த்துணியில் தைத்த என் புத்தகப்பையையே மறுநாள் டீச்சரிடம் காட்டினேன். அன்று மாலை அம்மா வழக்கம்போல் சட்டையைப் பாரென்றாள். நைனா கைகளை விரித்து, அவள் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

“ஆமாமே, கச்சிதம்!”

அம்மா முகம் மலர்ந்ததைப் பார்த்து நானும் கைதட்டினேன்.

அடுத்த பாட்டுக்கு நைனா இல்லை. நான் பெரியவளான பிறகு ஒருநாள் பெட்டியில் கிடந்த அந்த நீலச்சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நைலான் முடிச்சுகள் இரண்டு விலாவிலும் முள்ளாகக் குத்தின. ஒரு நிமிஷம்கூடத் தாங்க முடியாமல் கழற்றிவிட்டேன். நான் காட்டித்தான் நைனாவுக்குத் தெரிந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன்.