கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்தபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். அருமனையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியராக இருந்த அப்பா, பழைய கார் ஒன்றைக் கடன் போட்டு வாங்கியிருந்தார். அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. மாதம் நான்கு தடவை வெளியே போக ஆட்டோ போதாதா என்பது அவள் கட்சி.

அப்பா வாதாடவில்லை. ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு என்னிடம் கொடுத்தார். கடன் வட்டி, இன்சூரன்ஸ், வரி, தேய்மானம் எல்லாம் வண்டி நின்றாலும் வருகிற நிலைச் செலவு, மாதம் ஆறாயிரம். பெட்ரோல், டயர், ஆயில் ஓட ஓட வருகிற மாறும் செலவு. கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய். மாதக் கடைசியில் மீட்டரைப் பார்த்து, கிலோமீட்டருக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று சொல்வது என் வேலை.

முதல் மாதம் சர்ச்சுக்கும் மார்த்தாண்டத்துக்குமாக நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடியது. நாற்பத்தேழு ரூபாய் வந்தது. அம்மா அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கரண்ட் வைத்துக் கரைக்கிறார்கள் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். அப்பா லீவு போட்டு, ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் அவளைத் திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தார். அந்த மாதம் மீட்டரில் இரண்டாயிரம் கிலோமீட்டர் கூடியிருந்தது. நான் வகுத்துப் பார்த்துவிட்டு ஓடினேன்.

“அப்பா, பத்து ரூபாதான் வருது!”

அவர் நோட்டைப் பார்த்தார். எழுந்து காரைக் கழுவப் போனார். முந்தின நாள்தான் கழுவியிருந்தார். கட்டிலில் படுத்திருந்த அம்மா என்னைக் கூப்பிட்டாள். அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அடுத்த மாதம் கூடுமா குறையுமா என்று கேட்டாள். வண்டி இதைவிட அதிகம் ஓடினால் குறையும், நின்றுவிட்டால் கூடும் என்றேன்.

“அப்போ கூடட்டும் மக்களே” என்றாள்.

அவளுக்குக் கணக்கு வராது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அடுத்த மாதம் வண்டி நூறு கிலோமீட்டர்தான் ஓடியது. அறுபத்தேழு ரூபாய். தயங்கித்தான் நோட்டை நீட்டினேன். அப்பா பார்த்துவிட்டு, அடுக்களையில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டு, அறுபத்தேழு, அறுபத்தேழு என்று இரண்டு தடவை சொன்னார். அவள் ஈரக் கையோடு வந்து அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் தப்பாக வகுத்துவிட்டேனோ என்று மறுபடியும் முதலிலிருந்து போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.