கட்டி வைத்த வலது கை

எங்கள் மகள் ஷைனிக்கு ஐந்து வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம்; இடது கை எப்போதும் மூடியே இருக்கும். ஓசூரில் அவளுக்கு இயன்முறைப் பயிற்சி கொடுக்கும் பெண், அவளை உட்கார வைத்து, வலது கையை மார்போடு சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டி, இடது கையால் விளையாட வைக்கச் சொன்னார். சில வாரங்களில் ஷைனி இடது கையால் பந்தைத் தள்ளினாள். சூளகிரியில் கம்பெனி வேலைக்குப் போகும் என் கணவர் அன்று அழுதேவிட்டார்.

அந்தக் கை இன்னும் சீக்கிரம் வர வேண்டும் என்ற ஆசைதான் வினையானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு முடிந்ததும் கட்டை அவிழ்க்கப் போனேன்.

"இருக்கட்டும் விடு. எவ்ளோ நேரம் கட்டுறமோ அவ்ளோ சீக்கிரம் அந்தக் கை வரும்" என்றார் கணவர்.

நானும் சமையலுக்குப் போய்விட்டேன். தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டதும் ஷைனி எழுந்து ஓடினாள். வாசல்படியில் தடுக்கியவளால் எந்தக் கையையும் ஊன்ற முடியவில்லை. முகம் சிமெண்டில் மோதியது. கண்ணுக்குச் சற்றுக் கீழே கிழிந்தது; தையல் போட்டார்கள். கண் தப்பியது.

"கட்டியிருக்கறப்ப பாப்பாவ எந்திரிக்கவே விடக் கூடாதுங்க. விழுந்தா தாங்கறதுக்கு அந்த ஒரு கைதானே இருக்குது?" என்றார் பயிற்சி கொடுப்பவர்.

இப்போது துணியைக் கண்டாலே ஷைனி வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள். அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டோம். இரண்டு கையாலும் மாவு உருட்டச் சொல்கிறோம். இடது கை பழையபடி மூடிக்கொண்டுவிட்டது. அவள் நடக்கும்போது வலது கையில் ஒரு பிஸ்கட்கூட நான் கொடுப்பதில்லை.